ரெக்கார்டா, சி.டி.யா? காசைப் போடும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை

சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்பவரைக் 'கீறல் விழுந்த ரெக்கார்டு' என்று கிண்டல் செய்கிறோம். அந்தக் கீறலைக் காதால் கேட்டவர்கள் இப்போது குறைவு. ஊசி ஒரே பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். பாடகி பாதிச் சொல்லையே 'பொட்... பொட்...' என்ற சத்தத்தோடு விடாமல் பாடிக்கொண்டிருப்பார். யாராவது எழுந்து போய் ஊசியைத் தூக்கி வைத்தால்தான் அடுத்த வரி வரும். சின்ன வயதில் ஒரு கல்யாண வீட்டு மைக் செட்டில் இதைக் கேட்டேன். மைக் செட்காரர் சாப்பிடப் போயிருந்ததால், அந்தத் தெருவே கால் மணி நேரம் ஒரே சொல்லைக் கேட்டது.

அப்படிப்பட்ட ரெக்கார்டுதான் இன்று புது மவுசோடு திரும்பி வந்திருக்கிறது. அமெரிக்காவில் 2022ல் எல்.பி. எனப்படும் பெரிய ரெக்கார்டுகள் எண்ணிக்கையில் சி.டி.க்களை முந்தின. 1987க்குப் பிறகு அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. இங்கேயும் ஆசை பரவியிருக்கிறது. முதல் சம்பளம் வாங்கிய என் அக்கா மகன் போன வருஷம் வந்து நின்றான்: "மாமா, ரெக்கார்டுலதான் பாட்டு உயிரோட இருக்குமாமே, சி.டி. எல்லாம் செத்த சத்தமாமே, நிஜமா?" நான் பதில் சொல்லவில்லை. வீட்டில் ஒரு சோதனை செய்து காட்டினேன். அதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். உங்களிடம் ரெக்கார்டு பிளேயர் இல்லையென்றால், வைத்திருக்கும் நண்பர் ஒருவரைப் பிடியுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

முதலில்: இரண்டும் என்ன செய்கின்றன

எல்.பி. 1948ல் வந்தது. 12 அங்குலத் தட்டு, நிமிடத்துக்கு 33⅓ சுற்று, ஒரு பக்கத்துக்குச் சுமார் 20 நிமிடப் பாட்டு. பள்ளத்தின் இரண்டு சுவர்களிலும் ஒலியின் அலையே நெளிவாகச் செதுக்கப்பட்டிருக்கும். அந்த நெளிவில் ஊசி ஆடுவது, ஊசியைப் பிடித்திருக்கும் கார்ட்ரிட்ஜ் என்ற குட்டிப் பெட்டிக்குள் மின்சாரமாக மாறுகிறது. ஊசி வெளி விளிம்பில் தொடங்கி உள்ளே போகும். அங்கேதான் ஒரு சிக்கல். தட்டு சுற்றும் வேகம் மாறாது. ஆனால் வெளி விளிம்பில் நொடிக்கு 51 சென்டிமீட்டர் பள்ளம் ஊசியைக் கடக்கிறது என்றால், கடைசிப் பாட்டுக்கு வரும்போது அது 21 ஆகச் சுருங்கிவிடும். அதே ஒரு நொடிப் பாட்டைப் பாதிக்கும் குறைவான இடத்தில் அடைக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் எல்.பி.யில் பக்கத்தின் கடைசிப் பாட்டில் 'ஸ', 'ச' எழுத்துகள் கொஞ்சம் கரகரக்கும். பிளேயரில் கோளாறு என்று பயந்துவிட வேண்டாம். எந்தத் தட்டிலும் ஓரளவு இருக்கும்.

சி.டி. 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து வகுத்த முறை அது. ஒலியை நொடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாக எழுதி வைக்கிறார்கள். அதை லேசர் படிக்கிறது. இது எல்.பி.க்கு நேர்மாறாக உள்ளிருந்து தொடங்கி வெளியே போகும். சுற்றும் வேகத்தையும் நிமிடத்துக்கு 500 சுற்றிலிருந்து 200க்குக் குறைத்துக்கொண்டே வருவதால், கடைசிப் பாட்டு கரகரக்கும் பேச்சே இல்லை. சி.டி.யில் மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் நடுவே 96 டெசிபல் இடம் இருக்கிறது. நல்ல எல்.பி.யில் 70 கிடைத்தாலே பெரிது.

'டிஜிட்டல் என்றால் அலையைப் படிக்கட்டு மாதிரி வெட்டிவிடும், நடுவில் உள்ளது தொலைந்துபோகும்' என்று ஒரு பேச்சு உண்டு. படம் போட்டுக் காட்டுவார்கள், பார்க்க நம்பும்படி இருக்கும். ஆனால் பிளேயரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும்போது படிக்கட்டு கிடையாது, வழவழவென்ற அலைதான். 44,100 அளவுகளை வைத்து 22,050 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 22,050 அதிர்வுக்குக் கீழே உள்ள எதையும் முழுசாகத் திருப்பி எடுக்கலாம் என்பது கணக்கு. நம் காது இளமையிலேயே 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். என் வயதில் அதுவும் இல்லை.

பிளேயரைச் சரியாக வையுங்கள்

சி.டி.க்கு இங்கே எழுத ஒன்றும் இல்லை. பரணில் கிடக்கும் டிவிடி பிளேயரே சி.டி.யைப் பாடும். பின்னால் சிவப்பு, வெள்ளை ஒயரைச் சொருகினால் முடிந்தது.

ரெக்கார்டு பிளேயர் அப்படியில்லை. புதியவர்கள் பாதிப் பேர் தடுக்கி விழுவது இந்தப் படியில்தான். கார்ட்ரிட்ஜிலிருந்து வரும் மின்சாரம் சில மில்லிவோல்ட்தான். சி.டி. பிளேயர் தருவது 2 வோல்ட். தவிர, பள்ளத்தில் இடம் மிச்சம் பிடிப்பதற்காக பேஸைக் குறைத்து டிரெபிளைக் கூட்டித்தான் செதுக்குகிறார்கள். கேட்கும்போது அதை அப்படியே தலைகீழாக்க வேண்டும். இரண்டு வேலையையும் செய்வது 'ஃபோனோ' சுற்று. ஆம்ப்ளிஃபையரின் பின்னால் 'ஃபோனோ' என்று எழுதிய துளை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பிளேயரிலேயே 'ஃபோனோ/லைன்' சுவிட்ச் இருக்கலாம். அதுவும் இல்லையென்றால் தனியாக ஃபோனோ ப்ரீஆம்ப் வாங்க வேண்டும். நேராக 'ஆக்ஸ்' என்ற சாதாரணத் துளையில் சொருகினால், பக்கத்து வீட்டு ரேடியோவைச் சுவர் வழியாகக் கேட்பது போலச் சன்னமாக, பேஸே இல்லாமல் வரும். 'ரெக்கார்டு சத்தம் இவ்வளவுதானா' என்று விற்றுவிட்டவர்களை எனக்குத் தெரியும். இரண்டு இடத்திலும் ஃபோனோ வைத்தால் எதிர்ப் பக்கம்: பேஸ் குமுறி, சத்தம் உடைந்துவிடும்.

'ம்ம்ம்' என்ற இரைச்சல் கேட்டால், பிளேயரிலிருந்து தனியாக வரும் மெல்லிய எர்த் ஒயரை ஆம்ப்ளிஃபையரின் எர்த் திருகில் மாட்டுங்கள். ஸ்பீக்கரையும் பிளேயரையும் ஒரே மேசையில் வைக்காதீர்கள். ஸ்பீக்கரின் அதிர்வை ஊசி பிடித்துத் திரும்ப ஸ்பீக்கருக்கே அனுப்பும்.

அப்புறம் ஊசியின் எடை. ஒவ்வொரு கார்ட்ரிட்ஜுக்கும் இவ்வளவு கிராம் என்று கணக்கு உண்டு. பலர் வைத்திருக்கும் ஆடியோ-டெக்னிகா விஎம்95ஈ கார்ட்ரிட்ஜுக்கு 2 கிராம். நகைக்கடைத் தராசு போன்ற குட்டி டிஜிட்டல் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், வாங்கிக்கொள்ளுங்கள். எடை குறைந்தால் தட்டுக்கு நல்லது என்று நினைத்துக் குறைத்துவிடாதீர்கள். லேசான ஊசி பள்ளத்துக்குள் நிலையாக உட்காராமல் துள்ளித் துள்ளிச் சுவரைக் கொத்தும். கேடு அதில்தான் அதிகம்.

இன்னொன்று, என் சொந்த அசட்டுத்தனம். வெளிநாட்டிலிருந்து வந்த பழைய பெல்ட் பிளேயர் ஒன்றை மலிவு என்று வாங்கினேன். 120 வோல்ட் என்று எழுதியிருந்தது. சரி, ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் போச்சு என்று போட்டேன். தட்டு சுற்றியது, பாட்டும் வந்தது. ஆனால் சுசீலா அம்மாவின் குரல் ஆண் குரல் போல இறங்கி, கல்யாணப் பாட்டு ஒப்பாரியாகிவிட்டது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கான மோட்டார் நம் ஊர் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு மெதுவாகத்தான் சுற்றும். சுருதி ஏறக்குறைய ஒன்றரைக் கட்டை இறங்கிவிடும். பழைய பிளேயர் வாங்கும்போது வோல்ட்டோடு ஹெர்ட்ஸையும் கேளுங்கள். விற்றவரிடம் திரும்பப் போனேன். 'பாட்டு வருதுல்ல?' என்றார்.

ஒரே பாட்டு, இரண்டு வடிவம்

சோதனைக்கு உங்களுக்குத் தலைகீழாகத் தெரிந்த பாட்டுகள் எல்.பி.யாகவும் சி.டி.யாகவும் வேண்டும். எல்.பி.யில் இளையராஜாவையும் சி.டி.யில் ரஹ்மானையும் கேட்டு ஒப்பிடுவது, சாம்பாரையும் ரசத்தையும் வைத்துப் பாத்திரத்துக்கு மார்க் போடுவது மாதிரி.

தாத்தாவின் பெட்டியிலிருந்து தட்டு எடுக்கிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. கனமாக, கீழே விழுந்தால் கண்ணாடி போல உடையும் தட்டு என்றால் அது 78 வேக அரக்குத் தட்டு. அதன் பள்ளம் அகலம், இன்றைய எல்.பி. ஊசி அடியில் உரசித் தேய்ந்துபோகும். அதற்குத் தனி ஊசி உண்டு. ஸ்பிரிட் தொட்டும் துடைக்கக் கூடாது, அரக்கு கரையும். நம் சினிமாப் பாட்டுகள் நிறைய வந்தது 7 அங்குல ஈ.பி.யில், பக்கத்துக்கு இரண்டு பாட்டாக. அதற்கு வேகம் 45. சுவிட்ச் மாற்ற மறந்தால் எல்லாருமே தூக்கக் கலக்கத்தில் பாடுவார்கள்.

தட்டைச் சுத்தம் செய்துவிட்டுக் கேளுங்கள். சீலிங் ஃபேன் உள்ள வீட்டில் ஒரு வாரத்திலேயே தூசி பள்ளத்தில் இறங்கியிருக்கும். டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த மைக்ரோஃபைபர் துணியால், பள்ளம் போகும் வட்டத்திலேயே துடைக்க வேண்டும், குறுக்கே கூடாது. குழாய்த் தண்ணீர் வேண்டாம், உப்பு படிந்துவிடும்.

சத்தத்தைச் சமன் செய்யுங்கள்

யாரும் செய்யாத படி இது. இது இல்லாமல் சோதனைக்கு அர்த்தமே இல்லை. ஒரே பாட்டை இரண்டு தடவை போட்டு, ஒன்றை மட்டும் ஒரு டெசிபல் கூட்டி வைத்தால், கேட்பவர் 'இதில் சத்தம் அதிகம்' என்று சொல்ல மாட்டார், 'இது தெளிவாக இருக்கிறது, குரல் முன்னால் வருகிறது' என்பார். காது அப்படித்தான் ஏமாறும். கடைக்காரர்களுக்கு இது தெரியும்.

போனில் ஒலி அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டு, நீங்கள் உட்காரும் இடத்திலேயே போனை வையுங்கள். பாட்டில் எல்லா வாத்தியமும் சேர்ந்து வரும் ஒரு பகுதியை எல்.பி.யில் ஓட்டி, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே பகுதி சி.டி.யில் அதே எண்ணுக்கு வரும்வரை வால்யூமைத் திருகுங்கள். அந்த இரண்டு நிலைகளையும் குமிழின் மேல் பென்சிலால் குறியுங்கள்.

இப்போது கேளுங்கள்

மாற்றிப் போட ஒரு ஆள் இருந்தால் நல்லது. நீங்கள் முதுகைக் காட்டி உட்காருங்கள். பொட்டுச் சத்தம் எல்.பி.யைக் காட்டிக்கொடுத்துவிடும்தான், பரவாயில்லை. மொத்தமாக 'எது நல்லா இருக்கு' என்று கேட்டால் பதில் வராது. ஒவ்வொன்றாக எடுங்கள்.

நீட்டிப் பிடிக்கும் சுரத்தைக் கேளுங்கள். நாதஸ்வரமோ வயலினோ ஒரே சுரத்தில் நிற்கும் இடம், அல்லது பின்னால் ஓடும் தம்புரா. எல்.பி.யின் நடுத்துளை இம்மியளவு தள்ளி இருந்தாலே அந்தச் சுரம் ஊஞ்சல் போல ஏறி இறங்கும். காதில் பிடிபடவில்லையென்றால் கண்ணால் பாருங்கள்: ஊசி பிடித்திருக்கும் கை, ஒவ்வொரு சுற்றுக்கும் இடவலமாக ஆடும். அடுத்தது மிருதங்கத்தின் தொப்பி, இரட்டை பேஸ் போன்ற அடி ஒலிகள். எல்.பி.யில் ஆழ்ந்த பேஸை இரண்டு காதுக்கும் பொதுவாக நடுவில் கட்டிவிடுவார்கள், இல்லையென்றால் ஊசி பள்ளத்தை விட்டே குதித்துவிடும். கடைசியாக, பாட்டு மெல்லத் தேய்ந்து முடியும் இடம். சி.டி.யில் அது இருட்டுக்குள் நடந்து போவது மாதிரி போகும். எல்.பி.யில் பொரியும் சத்தம் வந்து மூடிக்கொள்ளும்.

இத்தனைக்கும் பிறகு, என் அக்கா மகன் எடுத்த 80களின் படம் ஒன்றில் எல்.பி.தான் ஜெயித்தது. குரலுக்குச் சதை இருந்தது, தபலாவில் விரல் பட்ட இடம் தெரிந்தது. சி.டி. மொழுக்கென்று, துணி போட்டு மூடியது மாதிரி. "பார்த்தீங்களா மாமா!" என்றான். இங்கே நின்றுவிட்டால் அவன் சொன்னதுதான் சரி.

எல்.பி.யை சி.டி.யில் எழுதுங்கள்

நிற்கவில்லை. பிளேயரின் யூஎஸ்பி ஒயரை லேப்டாப்பில் சொருகி, இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி என்ற மென்பொருளில் அதே பக்கத்தைப் பதிவு செய்தோம். யூஎஸ்பி இல்லாத பிளேயருக்குச் சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று போதும். பதிவு அளவு சிவப்பைத் தொடாமல், உச்சத்தில் மைனஸ் 6 டெசிபல் அளவுக்கு வைத்தோம். 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட் வேவ் ஃபைலாகச் சேமித்து, வெற்று சி.டி.யில் 'ஆடியோ சி.டி.' என்று தேர்ந்து எழுதினோம். சாதாரண ஃபைலாக எழுதினால் பழைய பிளேயர்கள் படிக்காது.

அந்த சி.டி.யைப் பிளேயரில் போட்டு, சத்தத்தை மறுபடி சமன் செய்து, எல்.பி.யோடு மாற்றி மாற்றிப் போட்டேன். அவன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். இந்தத் தடவை பொட்டுச் சத்தம் இரண்டிலும் இருந்தது. குரலின் சதையும் இருந்தது, தபலாவின் விரலும் இருந்தது. பத்துத் தடவையில் ஐந்து சரி, ஐந்து தப்பு. காசைச் சுண்டினாலும் அதே கணக்குத்தான்.

ஆக, அவனுக்குப் பிடித்த 'உயிர்' முழுக்க சி.டி.க்குள் அடங்கிவிட்டது. அப்படியானால் கடையில் வாங்கிய சி.டி. ஏன் மொழுக்கென்று இருந்தது? எதிலிருந்து எடுத்தார்கள், என்ன செய்தார்கள் என்பதுதான் காரணம். நம் பழைய பாட்டுகளின் சி.டி.க்களில் மூல டேப்பிலிருந்து எடுத்தவையும் உண்டு, ஓடித் தேய்ந்த ரெக்கார்டிலிருந்தே எடுத்து இரைச்சலைச் சுரண்டியவையும் உண்டு. சுரண்டும்போது ஜால்ராவின் மினுமினுப்பும் கூடவே போய்விடும். எக்கோ கூட்டி, புதுத் தாளம் சேர்த்து விற்றவையும் இருக்கின்றன. 90களின் பிற்பகுதியில் இன்னொரு நோய் வந்தது: எல்லாப் பாட்டும் எடுத்ததும் பெருஞ்சத்தமாக அடிக்க வேண்டும் என்று, மெல்லியதையும் உரத்ததையும் ஒரே மட்டத்துக்கு நசுக்கினார்கள். 96 டெசிபல் இடம் கொடுத்த வடிவத்தில் ஏழெட்டு டெசிபல்தான் புழங்குகிறார்கள் என்றால் சி.டி. என்ன செய்யும்?

மறுபக்கமும் ஒரு கதை உண்டு. அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி என்ற நிறுவனத்தின் விலை உயர்ந்த எல்.பி.க்களைச் 'சுத்த அனலாக்', அதாவது எந்தப் படியிலும் எண்ணாக மாற்றாத ஒலி என்று பல தேர்ந்த காதுகள் கொண்டாடின. நடுவில் டிஜிட்டல் படி இருப்பது 2022ல் வெளியானபோது பெரிய ரகளையே ஆனது. எனக்கு அதில் வேடிக்கை ஒன்றுதான்: வெளியாகும்வரை யார் காதும் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

சரி, எதை வாங்குவது

பாட்டு எப்போது பதிவானது என்று பாருங்கள். 90களுக்குப் பிறகு வந்த தமிழ்ப் பாட்டுகள் பெரும்பாலும் டிஜிட்டலில் பதிவானவை. அவற்றைச் சத்தத்துக்காக எல்.பி.யில் வாங்குவது வீண். அட்டைப் படத்துக்காக வாங்கினால் அது வேறு, நானே வாங்கியிருக்கிறேன். அதற்கு முந்தைய பாட்டுகளுக்கு, எந்தப் பதிப்பு நன்றாக இருக்கிறது என்று விசாரியுங்கள். பழைய சி.டி. அட்டையில் 'ஏஏடி', 'டிடிடி' என்று மூன்றெழுத்து இருந்தால், பதிவு, கலவை, கடைசி மாஸ்டர் என்ற மூன்று படியும் அனலாக்கா டிஜிட்டலா என்பதை வரிசையாகச் சொல்கிறது. தரத்தைச் சொல்லாது.

கையில் காசு குறைவு என்றால் யோசிக்கவே வேண்டாம், சி.டி.தான். பழைய சி.டி.க்களை இன்று கிலோக் கணக்கில் தள்ளிவிடுகிறார்கள். வாங்கும்போது லேசர் படிக்கும் பக்கத்தை மட்டும் பார்க்காதீர்கள், படம் அச்சடித்த பக்கத்தையும் வெளிச்சத்தில் பிடியுங்கள். பாட்டு இருக்கும் அலுமினியப் படலம் அந்தப் பக்கத்து வார்னிஷுக்கு அடியில்தான் இருக்கிறது. லேசர் பக்கத்தில் விழுந்த கீறலைத் தேய்த்துச் சரி செய்துவிடலாம். அச்சடித்த பக்கத்தில் ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தால் அந்த இடத்துப் பாட்டு போனது போனதுதான்.

எல்.பி. என்றால் புதிதாக வருவது இரண்டாயிரம் ரூபாயைச் சாதாரணமாகத் தாண்டும். அதனால் பழையதற்குத்தான் போவோம். தட்டைக் கண்ணுக்கு நேராகக் கிடைமட்டமாகப் பிடித்து வளைவு பாருங்கள். சாய்த்துப் பிடித்தால் பள்ளம் கறுப்பாக மின்ன வேண்டும். சாம்பல் பூத்தது போல இருந்தால் அது தூசி கிடையாது, கனத்த ஊசி அரைத்த தேய்மானம், எந்தக் கழுவலுக்கும் போகாது. கல்யாண வீடுகளில் ஓடிய தட்டுகளில் இது சகஜம். வெள்ளைப் புள்ளி பூஞ்சை என்றால் பயமில்லை, கழுவினால் போய்விடும். அப்புறம், சூட்கேஸ் மாதிரி வரும் மலிவுப் பிளேயரில் நல்ல தட்டைப் போடாதீர்கள். அதன் ஊசி கனம், எடையைக் குறைக்கவும் வழி இருக்காது. நல்ல ஊசியும் 500லிருந்து 1,000 மணி நேரத்துக்குள் தேய்ந்துவிடும், மாற்றும் செலவைக் கணக்கில் வையுங்கள்.

தட்டுகளைப் புத்தகம் போல நிறுத்தி வையுங்கள், அடுக்கினால் வளையும். வெயில் படும் ஜன்னல் ஓரமும், வெயிலில் நிறுத்திய காரும் ஆகாது. மே மாதத்தில் ஒரு மத்தியானம் போதும், தட்டு அப்பளமாகிவிடும்.

என் அக்கா மகன் கடைசியில் பிளேயரை வாங்கிவிட்டான். சத்தத்துக்காக இல்லை என்று அவனே சொன்னான். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து பக்கம் மாற்ற வேண்டியிருப்பதால், போனை நோண்டாமல் பாட்டைக் கேட்கிறானாம். அன்றைக்கு எழுதிய சி.டி.யைக் காரில் வைத்திருக்கிறான். நடுவில் ஓர் இடத்தில் அவன் அம்மா "டேய், காபி ஆறுது" என்று கூப்பிட்டார். அந்தக் குரல் அதில் பதிவாகவில்லை. ஆனால் பதறி எழுந்தவன் மேசையை இடித்தது மட்டும் 'தொம்' என்று தெளிவாக இருக்கிறது.